ராஜபார்ட் யார், பெட்டி யார்? வள்ளி திருமணம் நடத்தவிருக்கும் சபாவுக்கு ஒரு திறந்த மடல்

சபா நிர்வாகிகளுக்கும், நாடகத்தைத் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கும்,

வரும் பங்குனியில் வள்ளி திருமணம் நாடகத்தைச் சென்னையில் நான்கு நாள் நடத்தப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அந்த அறிவிப்பின் தலைப்பிலேயே ‘மறைந்துபோன கலைக்கு மறுபிறவி’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்த வரியிலிருந்துதான் இந்த மடலைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

போன பங்குனியில் எங்கள் ஊரில் இந்த நாடகம் நடந்தது. மானாமதுரைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். அதற்கு முந்தின வருடமும் நடந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, கொரோனா காலம் தவிர, அம்மன் கோயில் பொங்கலுக்கு நாடகம் போடாத வருடமே கிடையாது. எங்கள் ஊர் மட்டும் என்றில்லை. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம், திண்டுக்கல் பக்கம் பங்குனி பிறந்துவிட்டால் ஏதோ ஒரு கோயில் திடலில் இரவு பத்து மணிக்கு ஆர்மோனியச் சத்தம் கேட்கும். விடியும்போதுதான் வள்ளிக்குக் கல்யாணம் ஆகும். இதை வாழ்நாள் தொழிலாகச் செய்கிறவர்களுக்கு மதுரையில், புதுக்கோட்டையில், காரைக்குடியில், திண்டுக்கல்லில் நாடக நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. இந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளுக்கு அவர்கள் குருபூஜை செய்கிறார்கள். சுவாமிகள் 1922-இல் இறந்துபோனார். நூறு வருடம் தாண்டியும் அவர் எழுதிய பாட்டை, யாரும் கையில் ஏடு வைத்துக்கொள்ளாமல், மனப்பாடமாகப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். இதையா மறைந்துபோன கலை என்கிறீர்கள்?

ஒரு வார்த்தைக்கு இவ்வளவு கோபமா என்று நினைக்காதீர்கள். கலை செத்துவிட்டது என்று முதலில் முடிவு செய்துவிட்டதால்தான், அதைச் செய்துகொண்டிருப்பவர்களைத் தேடிப் போகவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவில்லை. நடிகர் தேர்விலும் டிக்கெட் விலையிலும் நடந்திருப்பது அதுதான்.

உங்கள் அறிவிப்பைப் பார்த்த அன்று மாலையே அம்மாவுக்குப் போன் செய்தேன். “மெட்ராஸ்ல வள்ளி திருமணம் போடுறாங்களாம்மா, வா, கூட்டிட்டுப் போறேன்” என்றேன். எந்த மண்டபம், என்றைக்கு என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. “ராஜபார்ட் யாருடி?” என்றார், கதாநாயக வேஷம் கட்டுவது யார் என்று. நான் தடுமாறும்போதே அடுத்தது, ஆர்மோனியக்காரரைப் பற்றி: “பெட்டி யாரு?” அப்புறம், “மதுரை ஆளுகளா, புதுக்கோட்டை ஆளுகளா?”

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. நாடகம் பார்க்கிற எல்லாரும் கேட்கிற கேள்விகள்தான் இவை. ஸ்பெஷல் நாடகம் என்று நாங்கள் சொல்லும் இந்த ஊர் நாடகத்தில் நிலையான கம்பெனி கிடையாது என்பது உங்களுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஊர்க் கமிட்டிக்காரர்கள் நாடக அமைப்பாளரிடம் போய் உட்கார்ந்து ராஜபார்ட், கதாநாயகியான ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், மற்ற தாளங்களையும் சத்தங்களையும் பார்த்துக்கொள்ளும் ஆல்ரவுண்ட் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி டேட் வாங்குவார்கள். ஒருவர் மதுரையிலிருந்து வருவார், ஒருவர் மணப்பாறையிலிருந்து வருவார். ஒத்திகை கிடையாது. மேக்கப் போடும் இடத்தில்தான் பல நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். மேடையேறினால் எட்டு மணி நேரம் பிசகாமல் ஓடும், ஏனென்றால் சுவாமிகளின் பாடம் எல்லாருக்கும் பொது.

நோட்டீஸ் அடித்து வந்ததும் எங்கள் ஊர் டீக்கடையில் அதுதான் பேச்சு. ஒவ்வொருவர் போட்டோ, பட்டம், கீழே ஊர்ப் பெயர். ‘இந்த நாரதர் கேக்குற கேள்விக்கு அந்தப் பொண்ணு நிப்பாளா’, ‘அவர் சுருதிக்கு இவங்க பாடுவாங்களா’ என்று நாடகத்துக்குப் பத்து நாள் முன்பே தர்க்கம் தொடங்கிவிடும். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இதே வேலனாகவும் வள்ளியாகவும் எதிரெதிரே நின்று பாடிய காலத்தில் ஜனங்கள் எதற்காக வண்டி கட்டிக்கொண்டு போனார்களோ, அதே ஆர்வம்தான். யாருக்கு எதிரே யார் நிற்கப் போகிறார்கள் என்பதில்தான் இந்த நாடகத்தின் ருசியே இருக்கிறது.

உங்கள் பட்டியலில் முருகனாகத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் ஜெயித்த ஒரு இளைஞர் இருக்கிறார். வள்ளியாக ஒரு சினிமா நடிகை. அவருக்கான பாட்டை வேறொருவர் பாடி முன்கூட்டியே பதிவு செய்திருப்பதாக நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாமும் பதிவுதான். அவர்கள் இருவர் மேலும் எனக்கு எந்த மனக்குறையும் கிடையாது, அவர்கள் உழைத்துத்தான் நடிப்பார்கள். ஆனால் இந்த நாடகத்தை வருடத்துக்கு நூறு இரவு ஆடுகிற ஒருவர் பெயரைக்கூட அந்தப் பட்டியலில் காணோம். ‘பாரம்பரியக் கலைஞர்களின் ஆலோசனையுடன்’ என்று கடைசியில் ஒரு வரி மட்டும் பொடி எழுத்தில் இருக்கிறது. அந்தக் கலைஞர்களுக்குப் பெயர் இல்லையா? ஊர் இல்லையா?

உங்கள் அலுவலகத்துக்கு இரண்டு முறை போன் செய்தேன். இரண்டாவது முறை பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். “அவங்கள்லாம் கிராமத்து ஆட்கள்மா, இரண்டு மணி நேரத்துல முடிக்கத் தெரியாது, நேரத்துக்கு வருவாங்களான்னும் சொல்ல முடியாது” என்றார். நேரத்துக்கு வருவதைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு ஊரில் விடியற்காலை ஐந்து மணிக்கு வேஷம் கலைத்து, பஸ் பிடித்து வீடு போய், மூன்று நான்கு மணி நேரம் தூங்கிவிட்டு, சாயங்காலம் மறுபடியும் மேக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிறவர்கள் அவர்கள். சித்திரை, வைகாசியில் மாதம் முழுக்க இதே பாடுதான். எங்கள் ஊர் மேடைக்கு ஒரு நடிகர் வராமல் நாடகம் நின்றது என்று அம்மாகூடச் சொன்னதில்லை.

பதிவு செய்த பாட்டு ஏன் இந்த நாடகத்துக்குச் சரிவராது என்பதற்குப் போன பங்குனியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

இரவு ஒன்றரை மணி இருக்கும். காடு சீன் இறக்கி, தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடிக் கிளி விரட்டிக்கொண்டிருக்கிறார். பாட்டின் நடுவில் கரண்ட் போய்விட்டது. மைக் செத்துவிட்டது. ஜெனரேட்டர்காரர் இருட்டில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். அந்தம்மா நிறுத்தவில்லை. பாடிக்கொண்டே இரண்டு அடி முன்னால் வந்து மேடையின் விளிம்பில் நின்றார். ஆர்மோனியக்காரர் துருத்தியை மெள்ள அமுக்கி, தன் பின்பாட்டையும் நிறுத்தி, ஒரே ஒரு சுரத்தை மட்டும் இழையாகப் பிடித்துக் கொடுத்தார். மிருதங்கத்தில் விரல் நுனி மட்டும் பட்டது. முன்வரிசையில் நாலைந்து பேர் செல்போன் விளக்கை அடித்தார்கள். கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்தன. எனக்கு அந்தம்மாவின் கழுத்து நரம்பு தெரிந்தது. கடைசியில் வேப்பமரத்தடியில் இருந்து ஒரு பெரியவர், “கேக்குது தாயி, பாடு” என்று கத்தினார். ஏழெட்டு நிமிடம் அப்படியே போனது. கரண்ட் வந்தபோது யாரும் கைதட்டவில்லை. பாட்டு இன்னும் முடியவில்லையே.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். உங்கள் அறிவிப்பில் ‘இளமை ததும்பும் வள்ளி’ என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கு அன்றைக்கு வள்ளி அவர்தான். முப்பது வருடம் தொண்டையால் சம்பாதித்த வள்ளி.

அதற்கப்புறம் நாரதர் வந்தார். கல்யாணம் வேண்டுமா வேண்டாமா என்று தர்க்கம். நாரதர் ஒரு பாட்டில் கேட்டதற்கு வள்ளி வேறொரு பாட்டை எடுத்துப் பதில் சொன்னார். அது பாடத்தில் இல்லாத இடம். ஆர்மோனியக்காரர் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தது, ஒரு நொடியில் சுருதி பிடித்தது, நாரதர் சிரித்துக்கொண்டே “அப்படியா சேதி” என்று அடுத்த கேள்விக்குத் தாவியது, இதையெல்லாம் எந்தப் பதிவில் கொண்டுவர முடியும்? வேடன் வந்து மானைக் கேட்டு நடக்கிற வாக்குவாதமும் அப்படித்தான். ஒருவர் எவ்வளவு நேரம் பிடிப்பார் என்று இன்னொருவருக்குத் தெரியாது. பதிவு செய்த பாட்டுக்கு வாயசைத்தால் எதிரே நிற்பவர் சொல்வதைக் கேட்கவே தேவையிருக்காது. கேட்காத இடத்தில் தர்க்கம் எப்படி நடக்கும்?

நாடகத்தைச் சுருக்குவதில் எனக்கு மறுப்பு இல்லை. சென்னையில் விடிய விடிய உட்காரச் சொல்ல முடியாது, கடைசி ரயில் இருக்கிறது, மறுநாள் வேலை இருக்கிறது. பபூன் காட்சியில் சில இடம் முகம் சுளிக்க வைக்கும் என்பதும் உண்மை. அதை ஊர்ப் பெண்கள் நாங்களே கமிட்டியிடம் சொல்லிக் குறைக்க வைத்திருக்கிறோம். மூன்று மணி நேரத்துக்கு வெட்டுங்கள். ஆனால் எதை வெட்டலாம் என்று அதை ஆடுகிறவர்களிடம் கேட்டு வெட்டுங்கள். நேரம் போதாத ஊர்களில் அவர்கள் சுருக்கி ஆடியதை நானே பார்த்திருக்கிறேன்.

இனி டிக்கெட். 5000, 3000, 1500, 750 என்று நான்கு விலை வைத்திருக்கிறீர்கள். ஆன்லைன் பதிவுக்குக் கட்டணம் தனி. காலை பத்து மணிக்குப் பதிவு தொடங்கும் என்றீர்கள். நான் அலுவலகத்தில் அனுமதி கேட்டு, பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 750 ரூபாய் இருக்கைகள் மாடியில் கடைசி இரண்டு வரிசை மட்டும்தான். பக்கம் திறந்தபோதே அதில் பாதி சாம்பல் நிறத்தில் இருந்தது. நான் மூன்று இருக்கையைத் தொட்டேன், சுற்றிக்கொண்டே இருந்தது, அப்புறம் ‘இருக்கை இல்லை’ என்றது. கீழே முதல் ஆறு வரிசையும் விருந்தினர்களுக்கு என்று பூட்டியிருந்தது.

மிச்சம் இருந்ததில் குறைந்தது 1500. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை மாதம் 1200 ரூபாய். அம்மாவும் சித்தியும் அதைத்தான் வாங்குகிறார்கள். அவர்களின் ஒரு மாதப் பணம் மிச்சமிருந்ததில் ஓர் இருக்கைக்குக்கூடப் போதாது. எனக்குச் சம்பளம் வருகிறது, நான் வாங்கிக் கொடுத்துவிடுவேன். ஆனால் விலையைக் கேட்டதும் அம்மா, “எதுக்குடி, ஊர்ல பாய் விரிச்சுப் பாத்ததுதானே” என்று போனை வைத்துவிட்டார். இந்த நாடகத்தை ஐம்பது அறுபது முறை பார்த்தவர், பாதி வசனத்தைக் கூடவே சொல்லக்கூடியவர், தனக்கு அங்கே இடமில்லை என்று தானாகவே முடிவு செய்துவிட்டார். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

நான் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவள். மண்டப வாடகை, லைட், ஒலி, விளம்பரம், வரி எல்லாம் எவ்வளவு இழுக்கும் என்று எனக்குத் தெரியும். ஊரிலும் நாடகம் சும்மா வருவதில்லை. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டுத்தான் வசூலிக்கிறோம், போன வருடம் திருவிழாவுக்கு எங்கள் வீட்டில் 500 ரூபாய் கொடுத்தோம். கொடுக்க முடியாத வீட்டுக்காரர்களும் வந்து உட்காருவார்கள், யாரும் எழுப்ப மாட்டார்கள். முன்னால் வந்தவருக்கு முன்னால் இடம். அதே ஏற்பாட்டைச் சென்னையில் அப்படியே செய்ய முடியாது. ஆனால் 5000 ரூபாய் கொடுக்கக்கூடியவர்களிடம் வாங்கிக்கொண்டே மற்றவர்களுக்கும் வழி வைக்க முடியும். நீங்கள் இரண்டு வரிசையோடு நிறுத்திவிட்டீர்கள்.

நீங்கள் பார்க்கத் தவறிய இன்னொன்று, மாதம். பங்குனியில் வைத்திருக்கிறீர்கள். அதுதான் அவர்களுக்குச் சீசன் பிறக்கிற மாதம். நல்ல நடிகர்களின் டேட்டெல்லாம் ஊர்களுக்குப் போயிருக்கும். இனி நீங்கள் மனம் மாறிக் கூப்பிட்டாலும், வாக்குக் கொடுத்த ஊரை விட்டு அவர்கள் வர மாட்டார்கள், வரவும் கூடாது. அந்தச் சில மாதச் சம்பாத்தியம்தான் வருடம் முழுக்க அடுப்பெரிக்கிறது. 2020-இல் ஊரடங்கு வந்தது மார்ச் கடைசியில், சரியாகப் பங்குனியில். அந்தச் சீசன் முழுக்கப் போயிற்று. எங்கள் ஊருக்கு வரும் ஆர்மோனியக்காரர் அந்த வருடம் காய்கறி வண்டியில் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனதாக அவரே சொன்னார். பெட்டியை விற்கவில்லை என்று சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறியது. ஐப்பசி, கார்த்திகையில் இவர்களில் பலர் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறார்கள். சுவாமிகள் மறைந்ததும் நவம்பர் மாதத்தில்தான். அந்த நாட்களில் சென்னையில் நான்கு இரவு வேலை கிடைத்தால் அந்தக் குடும்பங்களுக்கு அது பெரிய விஷயம்.

அதனால் நான் கேட்பது இவைதான்.

நாடகத்தை ஐப்பசி அல்லது கார்த்திகைக்குத் தள்ளிவையுங்கள். ஏற்கெனவே டிக்கெட் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது புதிய தேதிக்கு மாற்றிக் கொடுங்கள். நான்கு நாளையும் தள்ள முடியாது என்றால் இரண்டு நாளையாவது தள்ளி, அந்த இரண்டு இரவையும் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களிடம் முழுதாக ஒப்படையுங்கள். மதுரை, புதுக்கோட்டை சங்கங்களுக்கு நேரில் போய்ப் பேசுங்கள். உங்கள் நட்சத்திரங்கள் இருக்கட்டும், ஒரு நாள் அந்தப் பாட்டுப் போட்டி இளைஞரே வேலனாக நிற்கட்டும், எதிரே எங்கள் வள்ளி நிற்கட்டும். அவருக்கும் அது பெரிய பாடமாக இருக்கும்.

ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் மூன்றும் மேடையில் இருக்க வேண்டும். பாடுகிறவர் மேடையில் பாட வேண்டும். பதிவு செய்த பாட்டோடு நடத்துவதானால் அதை டிக்கெட் விற்கும் பக்கத்திலேயே எல்லாரும் பார்க்கும்படி சொல்லிவிடுங்கள்.

நடிப்பவர், வாசிப்பவர், சீன் கட்டுபவர் எல்லாருடைய பெயரும் ஊரும் போட்டோவும் நோட்டீஸில் வர வேண்டும். ஆலோசனை சொன்னவர்கள் யார் என்று பெயர் போடுங்கள், அவர்களுக்கு என்ன கொடுத்தீர்கள் என்பதையும் சங்கத்துக்குத் தெரியப்படுத்துங்கள். தெற்கிலிருந்து வருகிறவர்களுக்குச் சம்பளத்தோடு போக வரச் செலவும், பெண்களுக்குப் பாதுகாப்பான தங்குமிடமும் நீங்கள் ஏற்க வேண்டும்.

ஒவ்வொரு காட்சியிலும் கீழ்த்தளத்தில் ஐந்து வரிசையை 200 ரூபாய்க்கு விடுங்கள். அதை ஆன்லைனில் விற்க வேண்டாம். சபா கவுண்டரில், ஒருவருக்கு நான்கு டிக்கெட் என்ற கணக்கில், வரிசையில் நிற்பவர்களுக்குக் கொடுங்கள். விருந்தினருக்கு ஒதுக்கிய ஆறு வரிசையில் நிரம்பாததை ஒவ்வொரு காட்சிக்கும் முந்தின நாள் மாலையே பொது விற்பனைக்குத் திறந்துவிடுங்கள்.

‘மறைந்துபோன கலை’ என்ற வரியை எல்லா விளம்பரத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள். இதற்கு மட்டும் ஒரு பைசா செலவு கிடையாது, இன்றைக்கே செய்யலாம்.

எங்கள் ஊருக்கு நாடகம் அமைத்துக் கொடுப்பவரின் போன் எண்ணைக் கமிட்டியிடமிருந்து வாங்கி உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். அழைத்தால் பேசுவார். பங்குனிக்கு முன் எனக்கு ஒரு பதில் எழுதுங்கள். ராஜபார்ட் யார், பெட்டி யார் என்று பெயரோடும் ஊரோடும் எழுதுங்கள். அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டு, மூன்று பேருக்கு நான் வந்து கவுண்டரில் நிற்கிறேன்.

இப்படிக்கு,
வேளச்சேரியிலிருந்து ஒரு நாடக ரசிகை